ஒரு கொலை, ஒன்பது துக்கம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற தலைப்புக்கு அருகில் ஒரு கிராமம். விவசாயி ஒருவர் இறந்துபோகிறார். மூத்த மகன் ஊரிலேயே வயலைப் பார்க்கிறான். நடுவில் மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. கடைசிப் பையன் சிங்கப்பூரில். இதை வைத்து நீங்கள் குறுநாவல் எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்கள் எல்லோரும் "மூன்று பிள்ளைகளும் ஒரே மாதிரி அழுகிறார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். கதைகளில் ஒவ்வொருவரும் இழப்பை ஒவ்வொரு விதமாகத் தாங்குகிறார்களே, எழுதுகிறவர் அதை எதை வைத்து முடிவு செய்கிறார் என்று கேட்கிறீர்கள். கூடவே, சாவு வீட்டில் ஒருவர் சிரிப்பதாக எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கிற யோசனை, சுபாவத்தை வைத்துப் பிரி என்பது. ஒருவர் இளகிய மனசு, ஒருவர் அழுத்தக்காரர், ஒருவர் முன்கோபி. அப்படிப் பிரித்து எழுதிய கதைகளை நிறையப் படித்தாயிற்று. இளகியவர் முதல் பக்கத்திலேயே அழுகிறார், அழுத்தக்காரர் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் துண்டைப் பார்த்து உடைகிறார். அந்தத் துண்டு பாவம், கிழிந்தே போய்விட்டது. விட்டுவிடுங்கள்.

செத்தது யார் என்பது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தச் சாவோடு கூடப் போனது என்ன என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் அழுகை எந்தப் பக்கம் திரும்பும், அழுகை வருமா வராதா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். இதைக் காட்ட வெளியூர் போக வேண்டாம். காவிரி கடலில் விழுகிற இடத்தில் தொடங்குகிற சிலப்பதிகாரம் போதும்.

கோவலன் புகாரில் பிறந்தவன். மதுரையில் சிலம்பு விற்கப் போன இடத்தில் திருட்டுப் பட்டம் கட்டி வெட்டிவிடுகிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு கொலையை எத்தனை பேர் எப்படித் தாங்கினார்கள் என்று இளங்கோ கணக்கு வைத்திருப்பது பல பேருக்குத் தெரியாது. காரணம், பாதிப் பேர் மதுரை எரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கணக்கு முடிவது வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில். மாடலன் என்ற மறையவன் சேரன் செங்குட்டுவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். நான் எண்ணிப் பார்த்த வரையில் ஒன்பது பேர்.

கண்ணகியிலிருந்து ஆரம்பிக்கலாம். சேதி வரும்போது அவள் ஆயர் சேரியில் இருக்கிறாள். கேட்டதும் எழுகிறாள், விழுகிறாள், கண் சிவக்க அழுகிறாள். அதாவது, முதலில் அவளும் எல்லாரையும் போலத்தான் அழுகிறாள். எடுத்த எடுப்பிலேயே கோபம் வந்துவிடவில்லை. அதற்கப்புறம் ஒரு திருப்பம். புருஷனைச் சிதையில் வைத்துவிட்டு, துறை துறையாக மூழ்கி நோன்பிருந்து துயரப்படுகிற பெண்களை நினைத்துக்கொள்கிறாள். அவர்களைப் போல நானும் "அவலங்கொண்டு அழிவலோ" என்று கேட்கிறாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஊரில் ஏற்கெனவே தயாராக இருக்கிற துக்க முறையைப் பார்த்து, இது என் அளவுக்கு இல்லை என்று ஒதுக்கிவைக்கிறாள். ஏன்? அவளுக்குப் போனது புருஷன் மட்டும் அல்ல, புருஷனுடைய பெயரும். அதனால்தான் சூரியனைப் பார்த்து அவள் கேட்பது "ஏன் செத்தான்" என்பதல்ல. "கள்வனோ என் கணவன்". பெயரை மீட்காமல் துக்கத்துக்குள் போக அவளுக்கு வழியே இல்லை.

சரி, பெயர் மீண்டுவிட்டது, அரசன் விழுந்துவிட்டான், ஊர் எரிந்துவிட்டது. அப்புறம்? இங்கேதான் கவனிக்க வேண்டும். கட்டுரை காதையின் கடைசியில் கொற்றவை கோயில் வாசலில் கை வளையை உடைக்கிறாள். "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு" என்கிறாள். கிழக்கு வாசலில் இரண்டு பேராக வந்தோம், மேற்கு வாசலில் ஒன்றுமில்லாதவளாகப் போகிறேன். அவ்வளவுதான். இதில் நியாயம், அநியாயம், பாண்டியன் எதுவும் கிடையாது. உட்காரவும் மாட்டேன் நிற்கவும் மாட்டேன் என்று வையைக் கரையோடு நடக்கிறாள், மேடு பள்ளம் தெரியாமல். இதுதான் அவளுடைய துக்கம். கோபம் தன் வேலையை முடித்துக்கொண்டு விலகுகிற வரைக்கும் அது காத்திருந்தது. கண்ணகியைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் வழக்காடும் காட்சி வராமல் இருக்காது, இந்த மேற்கு வாசல் வருவதே இல்லை. எனக்கு இது ஒரு குறை.

இனிப் புகாருக்கு வருவோம். கோவலனுடைய அப்பா மாசாத்துவான் சொத்தையெல்லாம் தானம் பண்ணிவிட்டுப் பௌத்தத் துறவிகளோடு சேர்ந்துவிடுகிறான். கண்ணகியின் அப்பா மாநாய்கனும் தானம் கொடுத்துவிட்டு ஆசீவகர்களிடம் போய்விடுகிறான். இரண்டு வீட்டு அம்மாக்களும் துயரம் தாங்காமல் செத்துப்போகிறார்கள். கோவலன் பொருளைத் தொலைத்து, தொலைத்த பொருளைத் திரும்பச் சேர்க்கத்தான் சொல்லாமல் கொள்ளாமல் மதுரைக்குப் போனான். அந்த அப்பாவுக்கு இனிமேல் காசு எப்படித் தெரியும்? பிள்ளையைக் கொன்றது என்று அவன் கண்ணுக்குப் படுவது அதுதான். கொடுத்துத் தீர்க்கிறான். அம்மாக்களுக்குக் கொடுத்துத் தீர்க்கவோ துறந்து போகவோ கையில் எதுவும் இல்லை. இளங்கோவும் அவர்களுக்கு ஓரிரு வரிக்கு மேல் ஒதுக்கவில்லை. அந்த வரிகளுக்குள் என்ன நடந்தது என்று எழுத இன்றைக்கும் ஒருவருக்கு இடம் இருக்கிறது.

மாதரி யார்? மதுரையில் அவர்களுக்கு இடம் கொடுத்த இடைச்சி. உறவும் இல்லை, ஊரும் இல்லை. நள்ளிரவில் தீயில் விழுகிறாள். இதை வகுப்பில் நடத்தும்போது யாராவது ஒரு பிள்ளை கேட்காமல் இருக்காது: "அவங்க ஏன் சார் சாகணும்?" பதில் அவள் வாயிலேயே இருக்கிறது: "அடைக்கலம் இழந்தேன்." கோவலன் அவளுக்கு ஒன்றும் இல்லை, நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பாற்றவில்லை என்பதுதான் அவளைச் சுடுகிறது. ஒப்படைத்தவர் கவுந்தியடிகள், புகாருக்கு வெளியிலிருந்து காவிரிக் கரையோடு மதுரை வரைக்கும் கூடவே நடந்து வந்த சமணத் துறவி. அவருக்கு முதலில் கோபம் வருகிறது. ஆனால் அரசன் செத்துவிட்டான் என்று தெரிந்ததும் கோபத்துக்கு ஆள் இல்லாமல் போய்விடுகிறது. என்னோடு சேர்ந்ததால்தான் இவர்கள் வினை உருத்து வந்ததோ என்று தன் பக்கம் திருப்பிக்கொண்டு உண்ணாநோன்பில் உயிர் விடுகிறார். துறவி துறந்துவிட்டவர்தானே, அவருக்கு என்ன துக்கம் என்று நினைக்கிறோம். அந்த இடத்தில்தான் இளங்கோ நம்மைப் பிடிக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தவன் மாடலன். இவன்தான் சேதியைப் புகாருக்குக் கொண்டுபோனவன். அழவில்லை, துறக்கவில்லை. "என்வாய்க் கேட்டோர் இறந்தோர் உண்மையின்" கங்கையில் முழுகப் போனேன் என்கிறான். என் வாயால் கேட்டுச் சில பேர் செத்துவிட்டார்கள், அதனால். துட்டி சொல்லப் போகிறவன் மனசு எப்படி இருக்கும் என்பதை ஒரே வரியில் வைத்துவிட்டார். நம் ஊரில் அந்த வேலையைப் பார்த்தவர்கள் உண்டு. செல்போன் வருவதற்கு முன்னால் சைக்கிளில் ஒவ்வொரு ஊராகப் போய், வாசலில் நின்று, தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் சொல்லிவிட்டுத் திரும்புகிறவர்கள். அவர்களை வைத்து ஒரு நல்ல கதை நான் படித்த ஞாபகம் இல்லை.

ஒன்பதாவது மாதவி. அவளுக்கு என்ன உரிமை? மனைவி இல்லை, வீட்டுக்குப் போய் அழ முடியாது. கடைசியில் நடந்தது கடற்கரையில் ஒரு ஊடல், அதற்கப்புறம் அனுப்பிய கடிதங்கள். துக்கத்தை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது? கோதையோடு கூந்தலையும் களைந்துவிட்டு அறவழிக்குப் போகிறாள், மகள் மணிமேகலையையும் கணிகைத் தொழிலுக்கு விடமாட்டேன் என்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தில் இவள் வாயாலேயே ஒரு பட்டியல் வருகிறது. கணவனை இழந்த பத்தினிகளுக்கு மூன்று வழி: கேட்டவுடன் உயிர் போய்விடும், போகாவிட்டால் தீயில் இறங்குவார்கள், அதுவும் இல்லாவிட்டால் நோன்பிருந்து உடம்பை வருத்துவார்கள். கண்ணகி இந்த மூன்றுமே செய்யாமல் மதுரையை எரித்தாள், நானோ சேதி கேட்டும் உயிரோடு நிற்கிறேன், நாணம் விட்டேன் என்கிறாள். பிறகு, தான் பெற்ற பெண்ணை "மாபெரும் பத்தினி மகள்" என்று கண்ணகிக்கு மகளாக்கிவிடுகிறாள். தனக்கு உரிமையில்லாத துக்கத்துக்கு அவள் கண்டுபிடித்த உரிமை அது.

மணிமேகலை பூத் தொடுத்துக்கொண்டே இதைக் கேட்கிறாள். கண்ணீர் மாலையில் விழுகிறது. மாதவி அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, மாலை தூய்மை கெட்டுவிட்டது, போய் வேறு பூப் பறித்துக்கொண்டு வா என்று அனுப்புகிறாள். ஆறுதலாக ஒரு சொல்கூடக் கிடையாது, ஒரு வேலைதான். அந்தப் பூப் பறிக்கப் போன இடத்திலிருந்துதான் காப்பியமே கிளம்புகிறது.

இப்போது ஒரு கருவி தருகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. கவனியுங்கள், நான்கில் ஒன்றுதான் இழப்பு. ஒரு சாவு வீட்டில் பத்துப் பேர் அழுதால் பத்தும் இழவிலிருந்து வர வேண்டியதில்லை. மாதரியின் தீ இளிவிலிருந்து வருகிறது. கண்ணகியுடையது இழவும் இளிவும் பின்னிக்கொண்டது. இளிவு நீங்கிய பிறகு இழவு மட்டும் மிஞ்சியதைத்தான் மேற்கு வாசலில் பார்த்தோம். உங்கள் கதையில் மூன்று பிள்ளைகளுக்கும் நீங்கள் இழவை மட்டுமே கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஒரே மாதிரி அழுகிறார்கள்.

இன்றைக்குத் துக்கம் என்று பேச்செடுத்தால் ஐந்து கட்டம் என்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. அவர் அதைச் சொன்னது தன் சாவை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் நோயாளிகளைப் பற்றி. பிறகுதான் அது இழந்தவர்கள் பக்கம் திருப்பப்பட்டது. கதை எழுதுகிறவர் இதைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டால் எல்லாப் பாத்திரமும் ஒரே படியில் ஒரே வரிசையில் ஏறும். அதைவிட எனக்கு உபயோகமாகப் படுவது 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஸ்கட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் சொன்னது. இழந்தவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவார், அப்படிப் போய் வருவதுதான் சமாளிப்பதே என்பது அதன் சாரம். சாவு வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

இந்தப் போய் வருதலைக் கதையில் பார்க்க வேண்டுமா, கும்பகோணத்துக்காரரான கு.ப.ரா.வின் 'விடியுமா?' சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தந்தி. சிவராமையர் டேஞ்சரஸ் என்று இரண்டே வார்த்தை. அவர் மனைவி குஞ்சம்மாளும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலில் கிளம்புகிறார்கள். கதை முழுக்க அந்த ராத்திரிதான். ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா தெரியாது. தெரியாததால் அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. நம்பிக்கையும் பயமும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போய் முடிவு தெரிகிறபோது பொழுது விடிந்துவிடுகிறது, ராத்திரி முழுக்க ஆட்டிப் படைத்த சந்தேகம் தீர்ந்த ஒரு தணிவுதான் துக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. வெளியே சொல்லக் கூசுகிற உணர்ச்சி அது. ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்ட வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்கள் கதையில் அந்த விவசாயி எத்தனை நாள் படுத்திருந்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதுங்கள், அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

பிள்ளையை இழந்த தாய்மார்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், உங்கள் கதையில் செத்தவருடைய கிழ அம்மாவும் உயிரோடு இருப்பதால். மணிமேகலையில் இரண்டு தாய் வருகிறார்கள், இரண்டும் புகாரில். ஒருத்தி கோதமை. மகன் சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து உயிர் விட்டுவிட்டான். உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து சம்பாபதி தெய்வத்திடம் என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு என்கிறாள். தெய்வம் ஒரு பதில் சொல்கிறது: உயிருக்கு உயிர் கொடுக்க முடியுமென்றால் அரசர்களுக்குக் கொடுக்க ஆள் இல்லாமலா போனார்கள்? இந்தச் சுடுகாட்டில் அவர்களுக்கு ஆயிரம் கோட்டம் நிற்கிறதே, பார். கோதமை அதற்கும் மசியவில்லை. எல்லாத் தெய்வமும் வந்து அதையே சொன்ன பிறகுதான் மகனைச் சிதையில் வைக்கிறாள். பேரம் பேசுவதற்கு இனி ஆள் பாக்கி இல்லை என்கிற வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிற பிடிவாதம் அது.

இன்னொருத்தி இராசமாதேவி, மணிமேகலையைத் தேடிப் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்த சோழ இளவரசன் உதயகுமரனின் தாய். இவள் அழுகையை உள்ளே பூட்டிவைக்கிறாள். மணிமேகலையைச் சிறையிலிருந்து அன்பாக அழைத்துவருவது போல அழைத்துவந்து, மருந்து கொடுக்கிறாள், அறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். இவளிடம்தான் மணிமேகலை அந்தப் பிரசித்தமான கேள்வியைக் கேட்கிறாள்: உடம்புக்கு அழுதாயா, உயிருக்கு அழுதாயா? உடம்புக்கென்றால் அதை எடுத்துப் புறங்காட்டில் இட்டது யார்? உயிருக்கென்றால் அது எங்கே போய்ப் புகுந்தது என்று உனக்குத் தெரியுமா? தர்க்கம் அசைக்க முடியாதது. ராணி தெளிந்தாள் என்கிறார் சாத்தனார். தெளிந்திருக்கலாம். ஆனால் கருமாதி வீட்டில் வந்து இப்படிப் பேசுகிறவரை யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. உங்கள் கதைக்கு அப்படி ஒரு பெரியவர் வேண்டுமானால் வையுங்கள். அவர் சொல்வது சரியாக இருக்கட்டும், கேட்பவர் தேறாமல் இருக்கட்டும்.

அதே நூலில் நெடுமுடிக்கிள்ளி என்ற சோழன் ஒருவன். கப்பலில் வந்த பச்சைக் குழந்தை, அவன் மகன், கடலில் காணாமல் போகிறான். அந்தத் துயரத்தில் அரசன் இந்திர விழாவை எடுக்க மறந்துவிடுகிறான், புகாரைக் கடல் கொண்டுவிடுகிறது. ஒரு மனுஷனுடைய துக்கம் அவனுடைய வேலையை நிறுத்தினால் யார் யார் தலையில் விடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய கதை எனக்குத் தெரியாது. 2004 டிசம்பருக்கு அப்புறம் நாகப்பட்டினம், பூம்புகார் பக்கத்து ஆட்களிடம் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கடல் எடுத்ததற்கு ஒரு மனுஷனைக் காரணம் காட்டுவது அங்கே எடுபடாது.

பொன்னியின் செல்வன் நந்தினியை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். வீரபாண்டியன் தலை விழுந்ததிலிருந்து அவள் பழிக்காகவே வாழ்கிறாள், அந்த மீன் சின்னம் போட்ட வாளை வைத்துக்கொண்டு. கண்ணகிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? கண்ணகியின் கோபத்துக்கு ஒரு கேள்வி இருந்தது, பதில் கிடைத்தது, முடிந்தது. நந்தினி கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. கெஞ்சியும் கேட்காமல் வெட்டியவன் ஆதித்த கரிகாலன், அவள் ஒருகாலத்தில் விரும்பியவன். பழி வாங்கியும் தீராத துக்கம் அது. இதற்கு மேல் அவளைப் பற்றிப் பேசினால் பதில் திசை மாறிவிடும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம்.

மூத்தவன். சாவு எந்த மாசத்தில் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் எழுதினால் குறுவை நடவில் வைப்பேன். மேட்டூர் திறந்து, தண்ணீர் இப்போதுதான் வாய்க்காலுக்கு வந்திருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் நாற்றுப் பறித்து முடி கட்டி வரப்பில் அடுக்கியாயிற்று, விடிந்தால் நடவு ஆள் வரும். ராத்திரி அப்பா போய்விட்டார். காலையில் வாசலில் சாமியானா, ஐஸ் பெட்டி, தெருக்கோடியில் பறை. நடவு ஆட்களே துக்கம் விசாரிக்க வந்து நிற்கிறார்கள். மூத்தவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். காதில் சங்கு விழவில்லை, அந்த முடிகள்தான் மண்டைக்குள் இருக்கின்றன. வெயில் ஏறினால் நுனி மஞ்சளாகும், இன்றைக்கும் நாளைக்கும் தாங்காது. பக்கத்து வயல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அந்த முடிய நீங்க எடுத்து நட்டுக்கிடுங்க" என்கிறான். அதைத் தங்கை பார்த்துவிடுகிறாள். அப்பா கிடக்கிறார், இவனுக்கு நாற்றுக் கவலை. அவள் அப்படி நினைப்பதும் நியாயம்தான். ஆனால் இவனுக்குப் போனது என்ன? நேற்று வரை அவன் ஒரு விவசாயியின் மகன். கூட்டுறவுக் கடன், முறைத் தண்ணீர்ச் சண்டை எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பா நின்றார். இன்றைக்கு அந்த இடம் காலி, இவன் போய் நிற்க வேண்டும். தொல்காப்பியர் சொன்ன அசைவு இதுதான். அவன் அழ வேண்டாம். கொள்ளி வைத்துவிட்டு வந்த ராத்திரி மடையைப் பார்க்கப் போகட்டும், போதும்.

மகளுக்கு இளிவைக் கொடுங்கள். நிலத்தில் பங்கு கேட்டதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நீங்களே மறந்துவிட்டீர்கள். அதுதான் அவள். சமாதானம் ஆக வேண்டியவர் போய்விட்டார். இனி அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. அவள் வாய்விட்டு எங்கே சொல்வாள்? ஒப்பாரியில். நம் பக்கத்துப் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பாடும்போது செத்தவரைப் பற்றி மட்டும் பாடுவதில்லை. அண்ணன், அண்ணி, கொடுக்காத சீர், கூப்பிடாத பொங்கல் எல்லாம் அதில் வரும், கேட்கிறவர்கள் பதில் சொல்ல முடியாது. உங்கள் கதையில் அவள் ஐந்து பக்கம் மனசுக்குள் நினைத்துக்கொள்கிறாள். அதை வெட்டிவிட்டு, இப்படி ஒரு வரி வையுங்கள்: "பாக்கு வச்சு அழைக்கலியே என்னப் பெத்த அப்பா, நான் பறைச் சத்தம் கேட்டு வந்தேனே." அண்ணி முகம் எப்படி மாறியது என்று எழுதினால் போதும். அப்புறம் ஒன்று: சங்கு முன்னால் போக, பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுகிற வழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் அந்த முனையில் அவளை நிறுத்துங்கள். கடைசி வரைக்கும் போக அண்ணனுக்கு உரிமை இருக்கிறது, அவளுக்கு இல்லை. பங்குச் சண்டையின் தொடர்ச்சியாகவே அது அவளுக்குத் தெரியும்.

கடைசிப் பையன்தான் கஷ்டம். அவன் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள், வீடியோவில் பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல இடம், ஆனால் அங்கேயே அவனை அழவைத்துவிட்டீர்கள். யாரோ ஒரு மச்சான் கையில் போன். ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேலே மூச்சு படிந்து மங்கிக் கிடக்கிறது, முகம் சரியாகத் தெரியவில்லை, "துடைங்க, துடைங்க" என்கிறான் இவன். சுற்றிலும் இருக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அத்தோடு நிறுத்துங்கள். பால் தெளி முடிந்து மூன்றாம் நாள் வந்து இறங்குகிறான். எல்லோரும் ஒரு தடவை அழுது முடித்துவிட்டார்கள். இவனைப் பார்த்ததும் இவனுக்காக இன்னொரு தடவை அழுகிறார்கள். இவனுக்கோ அழுகை வரவில்லை. செத்த உடம்பைப் பார்க்காதவனுக்கு அப்பா இன்னும் எங்கேயோ வயலில்தான் இருக்கிறார். அவன் இழவுக்குள்ளேயே இன்னும் நுழையவில்லை. காசு மட்டும் தாராளமாகச் செலவு பண்ணுவான். கருமாதிக்குப் பந்தி பெரிதாகப் போடச் சொல்வான். மாசாத்துவானுக்கு இவன் தூரத்துச் சொந்தம்.

கிழவியை மறந்துவிடாதீர்கள். பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவள். நீங்கள் அவளை ஒரே ஒரு இடத்தில், "எமன் என்னக் கொண்டுபோகலையே" என்று சொல்லவைத்திருக்கிறீர்கள். எல்லாக் கிழவிகளும் சொல்வதுதான். அவளைக் கோதமையாக்குங்கள்: வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியை, யாரும் பதில் சொல்ல முடியாத ஒன்றை, கேட்டுக்கொண்டே இருக்கட்டும். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க, எத்தனை மணிக்குக் கொண்டுபோனீங்க, ஏன் அதுக்கு முன்னாடி கொண்டுபோகலை. மூன்றாவது தடவை கேட்கும்போது மூத்தவன் எழுந்து கொல்லைப் பக்கம் போவான்.

சிரிப்பு. தாராளமாக எழுதலாம். தூக்கிக்கொண்டு போனதற்கு அப்புறம், வெளியூர்ச் சனம் பஸ் ஏறின பிறகு, நெருங்கின சொந்தம் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ராத்திரியில்தான் அது வரும். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்திருக்கும். யாராவது ஒருவர், அவர் ஒரு தடவை மன்னார்குடிச் சந்தையில் மாடு வாங்கப் போய் ஏமாந்த கதையை ஆரம்பிப்பார். எல்லோருக்கும் தெரிந்த கதை. சிரிப்பார்கள். மருமகள் உள்ளே அத்தைக்குக் கேட்டுவிடுமே என்று கதவைப் பார்ப்பாள். உங்கள் மூன்று பேரில் முதலில் சிரிக்கிறவன் மூத்தவனாக இருக்கட்டும், சின்னவன் வேண்டாம். அவன் இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். இந்தக் காட்சியை எடுத்த ராத்திரிக்கும் பால் தெளிக்கும் நடுவில் வையுங்கள். கருமாதிக்கு அப்புறம் வைத்தால் அது வெறும் பழைய கதையாகிவிடும்.